ராசாக்கள் குடித்த பீக்கர்

இரத்தோட்டைக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில், டிஸ்பென்சர் சோமசுந்தரத்துக்கு நோயாளிகளைவிட வார்த்தைகள்மேல்தான் பிரியம் அதிகம். ஆள் அகப்பட்டால் போதும், பிடித்து வைத்து விளக்கித் தள்ளிவிடுவார். அன்றைக்கு அகப்பட்டவர் இருமல் மருந்துக்கு வந்த தோட்டத்து ஆபீஸ் கிளாக்கர் பழனிமுத்து.

“இதுக்குப் பேரு பீக்கர். லேசுப்பட்ட பேரு இல்லீங்க” என்று மேசையில் இருந்த கண்ணாடிப் பாத்திரத்தைத் தட்டிக் காட்டினார். “ஆதியில கிரேக்க தேசத்துல மண்ஜாடிய பீக்கோஸ்னு சொன்னாங்களாம். அது லத்தீனுக்குப் போயி, வடகடல் மாலுமிங்க வாயில பூந்து, இங்கிலீஷுக்கு வந்துச்சுன்னு சொல்றாங்க. அர்த்தம் என்ன தெரியுங்களா? குடிக்கிற பாத்திரம்! ராசாக்க விருந்துல இதுலதான் குடிச்சாங்க. நாமதான் நோய் பாக்க மூத்திரம் காய்ச்சுறோம்.”

கிளாக்கர் விழுந்து விழுந்து சிரித்தார். வாசற்படிக்கு வெளியே நின்ற மாரியாயிக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மூத்திரத்தைத் தினமும் சாம்பல் போட்டுக் கழுவுகிறவள் அவள்தானே. இன்றைக்கு வேலைக்காக வரவில்லை. முறைக்காய்ச்சலில் அனலாய்க் கொதிக்கும் மகள் அழகாயியை இடுப்பில் சுமந்து வந்திருந்தாள்.

அவள் சாதிக்காரர்களுக்கு அங்கே கிளாசில் மருந்து கிடையாது. கழுவுவதற்குத் தொடலாம், குடிப்பதற்குக் கூடாது. வீட்டிலிருந்து சிரட்டை கொண்டுவர வேண்டும்; ஐயா உயரத் தூக்கி ஊற்றுவார். மகளுக்குக் கண் செருகியதும் பதறி ஓடிவந்தவள் சிரட்டையை மறந்துவிட்டாள்.

சோமசுந்தரம் பீக்கரில் காய்ச்சலுக்கான கொயினாவைக் கலக்கிக்கொண்டே கேட்டார். “சிரட்டை எங்க?”

“மறந்துட்டேனுங்க சாமி. கையில ஊத்துங்க.”

“சிந்திப் போகும். போத்தல்ல இதுதான் கடைசி. மாத்தளையிலிருந்து எப்ப வருமோ. போயி எடுத்துக்கிட்டு வா.”

அவள் குடியிருந்த லயம் கீழே ஆற்றோரம் கிடந்தது. போய் வருவதற்குள் பிள்ளைக்கு மூச்சு இருக்குமா? அவரோ பீக்கரை மேசையில் வைத்துவிட்டு மறுபடி கிளாக்கர் பக்கம் திரும்பிவிட்டார். மாரியாயி படியேறினாள், பீக்கரை எடுத்து மகள் வாயில் வைத்தாள். ஒரு மடக்கு உள்ளே போயிற்று.

“அடிப்பாவி!”

வெடுக்கென்று பிடுங்கினார். மருந்தோடு சேர்த்து முற்றத்துக் கல்லில் வீசினார்.

“கழுவி வச்சிருக்கலாமே ஐயா” என்றார் கிளாக்கர்.

“எதக் கழுவலாம், எதக் கழுவ முடியாதுன்னு எனக்குத் தெரியாதா?” என்றவர் அவள் பக்கம் கை நீட்டினார். “எறங்கு. நீயே அள்ளிப் போடு.”

மாரியாயி முற்றத்தில் குந்தினாள். உடையாமல் தப்பிய அடித்துண்டில் கொஞ்சம் மருந்து தேங்கியிருந்தது. சேலைத் தலைப்பை அதில் நனைத்து, சில்லு ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து, மகள் வாயில் பிழிந்தாள். கசப்பில் பிள்ளையின் முகம் சுருங்கியது. உள்ளே சோமசுந்தரம் அடுத்த வார்த்தையை ஆரம்பித்திருந்தார்.

“துப்பிராதடி தங்கம், முழுங்கு” என்றாள் மாரியாயி. “ராசாக்க குடிச்ச பாத்திரமாம்.”