லென்ஸ் பெட்டியைக் கட்டிய கயிறு

1

மூவாயிரத்து எழுநூற்று ஐம்பது. அவ்வளவுதான் பாக்கி. முதுகில் பையை மாட்டிக்கொண்டு நாடு நாடாக ஒரு வருடத்துக்கும் மேல் சுற்றிவிட்டு வந்த ஒரு கணவனும் மனைவியும், தங்கள் வீட்டுச் சாமான்களைக் கிடங்கிலிருந்து கொண்டுவந்து இறக்கிய ஆளுக்குத் தரவேண்டிய கூலி. இந்தக் கதை எனக்கு அந்தப் பாக்கியிலிருந்துதான் கிடைத்தது. வேறெங்கிருந்தோ வந்தது என்று பின்னால் எங்காவது நான் சொன்னால் நம்ப வேண்டாம்.

கூலிக்காரரைக் கிடங்கில் எல்லோரும் முடிச்சண்ணன் என்பார்கள். அவர் கட்டிய பெட்டி லாரியிலிருந்து விழுந்தாலும் வாயைத் திறக்காது என்று பேர். அந்தப் பேரையே இங்கும் வைத்துக்கொள்கிறேன். அவர் நானில்லை.

(நானும் சுமை தூக்குகிறவன்தான்; தலை நரைத்த பிறகு எழுத்துக் கூட்டப் படித்தவன். அதனால் உங்களுக்கு ஒரு சந்தேகம் வரும். வரட்டும். இந்தக் கதைக்கு அது தேவைப்படும்.)

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "விமானம் தரையைத் தொட்டபோது அவள் கண்களில்". அதோடு நிறுத்திவிட்டேன். விமானத்தை நான் கீழே நின்று அண்ணாந்து பார்த்ததோடு சரி. அது தரையைத் தொட்டால் கண்ணில் என்ன வரும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

அடுத்து: "பயணம் மனிதனை விரிவாக்குகிறது". நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பயணம் போகிறவர்களின் பீரோவை மாடிக்குத் தூக்குகிறவனுக்கு அது இடுப்பைப் பிடித்துக்கொள்கிறது. அதையும் அடித்தேன்.

என் மனைவிக்குப் படித்துக் காட்டினேன்.

"ஏங்க, ப்ளைட்டுல ஏறி எதுக்கு விழறீங்க? கயித்துலேர்ந்து ஆரம்பிங்க. உங்களுக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான்."

சரி, கயிற்றிலிருந்தே.

3

கணவர் நிலம் அளக்கிற சர்வேயர். மனைவி ஒரு கண்ணாடிக் கடையில் வருகிறவர்களுக்குக் கண் அளவு பார்க்கிறவள். இருவரும் வாடகை வீட்டைக் காலிசெய்து, சாமான்களைக் கிடங்கில் ஓர் அறை பிடித்து அடைத்துவிட்டுக் கிளம்புவதாக ஏற்பாடு. அறைக்குச் சாவி இரண்டு. ஒன்று அவர்களிடம், ஒன்று கிடங்கு முதலாளியிடம்.

கிளம்புகிற நாளில் முடிச்சண்ணன் அட்டைப்பெட்டிகளைக் கட்டிக்கொண்டிருந்தார். மனைவி ஒரு மரப்பெட்டியைக் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிவந்தாள். உள்ளே வெல்வெட் பள்ளங்களில் வரிசையாக வட்ட வட்ட லென்ஸ்கள். கண் அளவு பார்ப்பதற்கானது. சொந்தக் கடை போடுவதற்காகப் பல வருடம் சேர்த்து வாங்கியது.

"அண்ணே, இத மட்டும் கவுத்துடாதீங்க. இது போச்சுன்னா நான் போச்சு."

"குடுங்கம்மா. இத நான் கட்டினா நானே நெனச்சாலும் அவுக்க முடியாது."

போர்வையில் சுற்றி, அட்டைப்பெட்டியில் வைத்து, கயிற்றைக் குறுக்கும் நெடுக்குமாக ஓட்டி, வால் நுனியை அடியில் செருகி மறைத்தார். அவர் முடிச்சுக்கு வால் வெளியே தெரியாது. அவிழ்க்க வேண்டுமானால் கத்திதான்.

அந்தப் பக்கம் சர்வேயர் தன் பைக்கு மழை உறை கட்டிக்கொண்டிருந்தார். வால் நீளமாக வெளியே தொங்கியது.

"என்ன சார், மூச்சு விட்டா அவுந்துடும் போலிருக்கே?"

"அவுக்கறதுக்குத்தான முடிச்சே! அளக்கப் போற எடத்துல கூடாரத்துக்கு இதான் கட்டுவோம். ஒரே இழுப்பு, கையோட வந்துடும். இவளுக்கும் பழக்கிட்டேன்."

"எங்க தொழில்ல கட்றதோட சரி சார். அவுக்கறது உங்க பாடு."

"வந்ததும் மொத வேல இவ கடைதான், பெரியவரே. அப்புறம் இவளால எங்கயும் நகர முடியாது," என்று சர்வேயர் சிரித்தார்.

முடிச்சண்ணனும் சிரித்தார். அவள் சிரித்தாளா என்று நான் கேட்டேன். அவர் கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

4

திரும்பி வந்தார்கள். வேறு தெரு, இரண்டாவது மாடி. முடிச்சண்ணன் சாமான்களை ஏற்றியபோது இருவரும் காலி அறையில் விருந்தாளிகள் மாதிரி நின்றார்கள். கறுத்து, கன்னம் ஒட்டிப்போயிருந்தார்கள். செருப்பைக்கூட வாசலில் விடாமல், தரையில் விரித்திருந்த பாயின் தலைமாட்டில் வைத்திருந்தார்கள். போன இடங்களில் அப்படிப் பழகிவிட்டதாம். குழாய் இருக்கும்போதும் பாட்டிலில் பிடித்து வைத்துக் குடித்தார்கள்.

"ரெண்டு சட்டையோட ஒரு வருஷம் ஓட்டிட்டோம். இப்ப இதையெல்லாம் பாத்தா யாரு வீட்டுச் சாமானோன்னு இருக்கு," என்றாள் அவள்.

"ஆனா ஒண்ணு, பெரியவரே. இத்தன நாள்ல ஒரு நாள்கூட நாங்க பிரிஞ்சதில்ல," என்றார் சர்வேயர்.

"அந்த மல தவிர," என்றாள் அவள்.

"ஆமா, அந்த மல. பத்துப் பன்னெண்டு நாள். இவளுக்கு முட்டி வலி, கீழயே தங்கிட்டா. நான் மட்டும் ஏறிட்டு வந்தேன்."

இந்த இடத்தை நான் நாலு தடவை எழுதினேன். ஒவ்வொரு தடவையும் அந்தப் பத்துப் பன்னிரண்டு நாளை அவர்கள் தாங்களாகவே சொல்லியிருக்க வேண்டாமே என்று தோன்றுகிறது. ஆனால் சொன்னார்களாம்.

லென்ஸ் பெட்டி வைத்த அட்டைப்பெட்டியை முடிச்சண்ணன் தோளிலிருந்து இறக்கினார். கயிற்றின் வால் வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. அவர் கத்தியை எடுப்பதற்குள் அவள் குனிந்து வாலைப் பிடித்து இழுத்தாள். ஒரே இழுப்பு. கையோடு வந்துவிட்டது. போர்வைக்குள் பழைய பேப்பர் கட்டு இருந்தது.

யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் எழுதுவது சுலபம்.

"பெரியவரே, ரூம் சாவி உங்க மொதலாளிகிட்டயும் ஒண்ணு இருக்குல்ல?" என்று சர்வேயர் மெதுவாகக் கேட்டார்.

"இருக்கு சார்."

"நீங்க கேட்டா குடுப்பாரு, இல்ல?"

"குடுப்பாரு. நான் கேக்கல."

"நான் போலீஸு கீலீஸுன்னெல்லாம் போகல. வயசானவரு நீங்க. இன்னிக்குக் கூலிய விட்டுடுங்க. அதோட இந்தப் பேச்சையும் விட்டுடுவோம்."

"கூலிய விட்டா நான் எடுத்தேன்னு ஆயிடுமே சார்?"

"நான் அப்படிச் சொல்லலியே."

"சொல்லாமத்தான சார் சொல்றீங்க."

முடிச்சண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டார். "விட மாட்டேன் சார். வாங்கவும் மாட்டேன் இப்ப. பாக்கியாவே இருக்கட்டும்."

படியிறங்கி வந்துவிட்டார். மறுவாரத்திலிருந்து கிடங்கு முதலாளி அவரைப் பீரோ, கட்டில், மெத்தை தூக்க மட்டும் அனுப்பினார். பெட்டிக்கு வேறு ஆள். காரணம் கேட்டதற்கு, "உங்களுக்குக் கைவலின்னு சொன்னாங்களே," என்றார். கைவலி என்று யாரும் சொல்லவில்லை. முப்பது வருடப் பேர் அப்படித்தான் போயிற்று.

5

இங்கே எனக்கு ஒரு தொந்தரவு. வாலைப் பார்த்ததுமே, "சார், இது உங்க முடிச்சு" என்று முடிச்சண்ணன் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவளுக்காகத்தான் வாயை மூடிக்கொண்டார், ஒரு குடும்பம் கலைய வேண்டாம் என்று நினைத்தார் என நான் எழுதினால் நீங்கள் உடனே ஏற்றுக்கொள்வீர்கள். கூலிக்காரன் என்றால் மனசு தங்கம் என்று நம்புவதற்கு நீங்கள் தயாராகவே வந்திருக்கிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

கணவன் மலை ஏறுவதாகச் சொல்லிவிட்டு ஊருக்கு வந்து, பெட்டியை விற்று, மீதிப் பயணத்துக்குப் பணம் தேற்றியிருக்கலாம். முட்டி வலியென்று கீழே தங்கியவளும் வந்திருக்கலாம். அந்த முடிச்சு அவளுக்கும் பழக்கம். கடை போட்டால் நகர முடியாது என்ற பேச்சு அவளுக்கு எப்படிக் கேட்டதோ! முடிச்சண்ணனும் எடுத்திருக்கலாம். சாவி கேட்டால் கிடைக்கும். கயிறு தெரிந்தவருக்கு ஒரு தடவை பார்த்த முடிச்சைப் போட எவ்வளவு நேரம் ஆகும்? மாட்டினால் பழி போடத் தோதான முடிச்சுதான்.

(அவரிடம் நேராகவே கேட்டேன். "எழுதறவன் நீதானே, உனக்குத் தெரியாதா?" என்றார். அது பதில் இல்லை.)

6

முடிவுகள் இரண்டு எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: முடிச்சண்ணன் உண்மையைச் சொல்ல, சர்வேயர் அழுது ஒப்புக்கொள்கிறார்.

"நல்லா ஒப்புக்கிட்டான்," என்றாள் என் மனைவி. "அழற ஆளாயிருந்தா அன்னிக்கே அழுதிருப்பான்."

இரண்டு: லென்ஸ் பெட்டி வேறொரு அட்டைப்பெட்டியில் பத்திரமாகக் கிடைக்கிறது. எல்லோரும்—

"நிறுத்துங்க. அப்ப அந்தக் கயிறு?"

நிறுத்திவிட்டேன்.

7

இனி நடந்தது. நடந்தது என்று எனக்குச் சொல்லப்பட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவள் தனியாக முடிச்சண்ணன் வீட்டுக்கு வந்தாள். நாற்காலியில் நுனியில் உட்கார்ந்தாள். கைப்பையிலிருந்து பணத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"மூவாயிரத்து எழுநூத்தம்பது அண்ணே. இது உங்க கூலி. யாரும் உங்களுக்குப் பாக்கியில்ல."

"சாருக்குத் தெரியுமாம்மா?"

"தெரியாது."

"அப்ப நான் எடுக்கலன்னு நம்பறீங்களா?"

அவள் கைப்பைக்குள் மறுபடி கையை விட்டாள். பையிலிருந்து இன்னொன்றை எடுத்தாள். ஒரு முழம் கயிறு.

"இதுல ஒரு முடிச்சு போட்டுக் காட்டுங்க. அன்னிக்கு என் பெட்டிக்கு எப்படிக் கட்டுனீங்களோ, அதே மாதிரி."

"மத்த பெட்டியெல்லாம் நான் கட்டினதுதானம்மா? பாத்தாலே தெரியுமே."

"அதையெல்லாம் நான் இன்னும் பிரிக்கல," என்றாள் அவள். "பாத்துட்டுத்தான் வந்திருக்கேன்."

பார்த்தாயிற்று என்றால் கேட்பானேன்? முடிச்சண்ணனுக்கு அங்கேதான் பிடிபடாமல் போயிற்று. எனக்கும்தான். வாலை உள்ளே செருகினால் பெட்டியை மறுபடி கட்டியது அவரில்லை என்றாகும்; அவர் பேர் அவருக்குத் திரும்பும். அவள் அந்த இரண்டாவது மாடிக்கு வேறு ஆளாகத் திரும்புவாள். வாலை வெளியே விட்டால் அவள் வீடு அப்படியே இருக்கும்; அவர் சாகிறவரை பீரோதான் தூக்குவார். அவள் எதை வேண்டி வந்தாள் என்று முகத்தில் தேடினார். கண் அளவு பார்க்கிறவளின் முகம். அடுத்தவர் பலகை எழுத்தைப் படிக்கும்வரை எதுவும் சொல்லாத முகம்.

பணத்தை எடுத்து மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். பாக்கி தீர்ந்தது. பிறகு கயிற்றை எடுத்தார்.

முதல் சுற்று இரண்டு முடிச்சுக்கும் ஒன்றுதான். அதைப் போட்டார். வால் நுனியைக் கட்டைவிரலில் பிடித்தபடி நிமிர்ந்து பார்த்தார்.

"போடுங்க அண்ணே," என்றாள் அவள்.

அடுத்த சுற்றை நான் எழுதப்போவதில்லை. இதுவரை யாரைச் சந்தேகப்பட்டுக்கொண்டு வந்தீர்களோ, அவர்களை நினைத்துக்கொண்டு வாலை நீங்களே உள்ளே செருகுங்கள், அல்லது வெளியே விடுங்கள்.