நான்யோங்காவின் வேரில் கவுகா

நுண்ணோக்கியில் கண்ணை வைத்தால் சாயங்காலம்வரை புழுதான். வாழை வேரை நறுக்கி, சல்லடையில் மெல்லிய தாள் விரித்து அதன்மேல் பரப்பி, அடியில் தண்ணீர்த் தட்டை வைத்துவிட்டால் வேருக்குள் ஒளிந்திருப்பதெல்லாம் மெல்லத் தண்ணீருக்கு இறங்கிவிடும். மறுநாள் உட்கார்ந்து எது எந்தப் புழு என்று பிரிக்க வேண்டும். சுருள் நூற்புழு செத்தாலும் சுருண்டே கிடக்கும், பார்த்ததும் தெரிந்துவிடும். குடையும் நூற்புழுதான் உயிரை வாங்கும். அதன் வாயிலிருக்கும் குட்டை ஊசியைத் தேடித்தேடி என் கழுத்தே போய்விட்டது. வீட்டுக்குப் போய் மட்டோக்கே உரிக்க உட்கார்ந்தால் வாழைக்காயைக் கண்டாலே எரிச்சல் வருகிறது.

அன்றைக்குக் கடைசி வேர், மசாகா பக்கத்து நான்யோங்காவுடையது. கணவனைப் போன வருஷம் பறிகொடுத்தவள். தோட்டத்தை விட்டால் வேறு பிழைப்பு கிடையாது. குலை தள்ளிய மரங்களெல்லாம் வேரோடு சாய்கின்றன, காற்று என்கிறார்கள், எனக்கு நம்பிக்கையில்லை என்று அவளே வேரைப் பையில் போட்டு அனுப்பியிருந்தாள். வேரைப் பிளந்தேன். உள்ளே சிவந்து கறுத்துக் கிடந்தது. தட்டில் குடையும் புழு நெளிந்து தள்ளியது. பாவி மகளே, இதை வைத்துக்கொண்டா இத்தனை நாள் குலை வெட்டினாய் என்று நினைத்துக்கொண்டேன்.

அவளிடம் போன் இல்லை. சாலோங்கோவின் கடை எண்ணைக் கொடுத்திருந்தாள். இரட்டைப் பிள்ளைகளைப் பெற்றவர், அதனால் ஊரே அவரை சாலோங்கோ என்றும் அவர் மனைவியை நாலோங்கோ என்றும்தான் கூப்பிடும். கடையில் ஒரே இரைச்சல். எங்கள் பக்கம் மரியாதைக்கு ஆணை செபோ என்றும் பெண்ணை நியாபோ என்றும்தான் கூப்பிடுவோம்.

"செபோ, நான்யோங்காகிட்ட சொல்லிடுங்க. சோதனை முடிஞ்சுது. கவுகா இருக்கு. நிறைய இருக்கு. அவங்க யாருக்கும் எதையும் குடுக்க வேணாம்."

"என்னது, கவுகாவா?"

"ஆமா, கவுகாதான்," என்று கத்திவிட்டு வைத்தேன்.

எங்கள் மொழியில் பூச்சிக்கும் கவுகா, புழுவுக்கும் கவுகா. ரத்தத்தில் ஏறி ஆளையே உருக்குகிற அந்த நோயின் கிருமிக்கும் அதே கவுகாதான். தோட்டத்தில் நின்று சொன்னால் யாருக்கும் சந்தேகம் வராது. புருஷனைச் சாகக்கொடுத்தவள் பெயரோடு சேர்த்துக் கடைவாசலில் சொன்னால் என்ன ஆகும்? களைப்பில் எனக்கு அது தோன்றவேயில்லை.

அந்த வாரமே நான்யோங்கா எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வந்து நின்றாள். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. கதவைச் சாத்தச் சொன்னாள்.

"நியாபோ, ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நான் வேரைத் தொட்டுப் பையில போட்டேன், அவ்வளவுதான். அதுலேருந்தே என்னோடதைக் கண்டுபிடிச்சிட்டீங்களா?"

"உங்களோடது எது?"

"கவுகா. மாத்திரையை உப்பு டப்பாவுக்கு அடியிலதான் வெச்சிருக்கேன். என் புள்ளைங்களுக்கே தெரியாது."

அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்து, நுண்ணோக்கியில் பார்க்கச் சொன்னேன்.

"இதுதான் நான் சொன்ன கவுகா. வாழை வேரை மட்டும் தின்னும். மனுஷங்களை ஒண்ணும் பண்ணாது."

ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு சிரித்தாள், சிரிப்போடு அழுகையும் வந்துவிட்டது.

"அப்போ யாருக்கும் தெரியாதா? அட கடவுளே, நானே வந்து உங்ககிட்ட உளறிட்டேனே!"

"எங்கிட்ட வந்தது எங்கேயும் போகாது. ஊர்ல என்ன சொல்றாங்க?"

"என்ன சொல்லணும்? குலை ஏத்துற வண்டிக்காரன் என் குலையை மட்டும் விட்டுட்டுப் போறான். அந்த நோய் காயால ஒட்டாதுன்னு எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்சு என்ன பிரயோசனம்? வெட்டின குலை வாசல்லயே பழுத்து அழுகுது."

எனக்கு அவமானமாக இருந்தது. மறுநாள் மேலதிகாரியின் முணுமுணுப்பைக் காதில் வாங்காமல் நுண்ணோக்கியைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு மசாகா வண்டியில் ஏறினேன். ரோட்டின் ஒவ்வொரு குழியும் என் முதுகில்தான் இறங்கியது.

நான்யோங்காவின் வாசலிலேயே மேசையைப் போட்டேன். சாய்ந்து கிடந்த மரத்தைப் புரட்டி, புழு அரித்துக் கட்டையாகிப்போன வேர்களை எல்லோருக்கும் காட்டினேன். பிறகு நுண்ணோக்கியில் புழுவை வரிசையாகப் பார்க்கச் சொன்னேன். வண்டிக்காரனும் வந்திருந்தான்.

"அய்யய்யோ, நெளியுதே!"

"தள்ளுய்யா, நானும் பாக்கணும்!"

"இந்தத் தம்மாத்துண்டா மரத்தைச் சாய்க்குது?"

சாலோங்கோ தலையைச் சொறிந்துகொண்டு என்னிடம் வந்தார். "வாழைக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா, நியாபோ?"

"நீங்களும் எதுக்குன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, செபோ."

கூட்டம் சிரித்தது. இனிமேல் கன்று வைக்கும்போது கிழங்கின் வேரையும் தோலையும் வெள்ளையாகும்வரை சீவிவிட்டு, கொதிநீரில் ஒரு முக்கு முக்கி எடுத்துத்தான் நட வேண்டும் என்று சொன்னேன். பாதிப் பேர் காதில் வாங்கவில்லை. வண்டிக்காரன் அதற்குள் இரண்டு குலையைத் தோளில் தூக்கிவிட்டான். அப்பாடா, வந்த வேலை முடிந்தது என்று நானும் சாமானைக் கட்ட ஆரம்பித்தேன்.

நாலோங்கோ நான்யோங்காவின் தோளில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டினாள். "போடி இவளே! இந்தப் புழுவுக்கா பயந்து இத்தனை நாள் உன் வீட்டுல தண்ணிகூடக் குடிக்காம இருந்தோம்!"

சிரித்துக்கொண்டிருந்த நான்யோங்காவின் முகம் மாறியது.

"அப்போ அந்தக் கவுகாவா இருந்திருந்தா? குடிச்சிருக்க மாட்டீங்க, அப்படித்தானே?"

வண்டிக்காரன் குலையோடு அப்படியே நின்றுவிட்டான். ரகசியத்தைக் காப்பாற்றிக்கொண்டு பேசாமல் இருந்திருக்கலாமே, ஏனடி இப்படிச் செய்கிறாய் என்று எனக்குப் பதறியது.

நான்யோங்கா உள்ளே போய்ப் பானையிலிருந்து ஒரு கோப்பைத் தண்ணீர் கொண்டுவந்தாள். முதலில் தானே ஒரு வாய் குடித்தாள். பிறகு கோப்பையைத் துடைக்காமல் நாலோங்கோவிடம் நீட்டினாள்.

நாலோங்கோ கோப்பையைப் பார்த்தாள், நான்யோங்காவின் முகத்தைப் பார்த்தாள். நாலோங்கோவுக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று எனக்கும் புரிந்தது. அவள் கை எழவில்லை. புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார்.

நான்யோங்காவின் கை நீட்டியபடியே இருந்தது. நான் நுண்ணோக்கியை மேசையில் வைத்துவிட்டு அந்தக் கோப்பையை வாங்கப் போனேன்.

"இருங்க நியாபோ," என்றாள் நாலோங்கோ. "முதல்ல எனக்குத்தான் குடுத்தா."

வாங்கினாள். கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். மிச்சத்தை என்னிடம் தந்தாள்.