வலது பக்கத்து ரப்பர்

என் கடையில் இயர்போன் வாங்குகிற எவரும் தலையை ஆட்டாமல் வெளியே போக முடியாது. அது நான் போட்ட சட்டம். ரயில் நிலையத்தை ஒட்டிய கடை, வருகிறவர்கள் எல்லாரும் பயணக்காரர்கள், எல்லாருக்கும் அவசரம். இருந்தாலும் விடமாட்டேன். காதுக்குள் போகிற ரப்பர் ஸ்மால், மீடியம், லார்ஜ் என்று மூன்று அளவில் வருகிறது. மாற்றி மாற்றிப் போட்டுவிட்டு, "இப்ப தலையை ரெண்டு பக்கமும் நல்லா ஆட்டுங்க" என்பேன். விழாமல் நின்றால்தான் பில். "மாடு ஈ ஓட்டுற மாதிரி ஆட்டணுமா?" என்று கிண்டல் செய்தவர்கள்கூட அடுத்த முறை என்னிடமே வந்து நின்றார்கள்.

இந்தப் பெருமையெல்லாம் எனக்கு நிறையவே உண்டு. ஒரு பழைய இயர்போனைக் கையில் கொடுத்தால் போதும், அதை வைத்திருந்தவரின் ஜாதகத்தையே சொல்லிவிடுவேன். போனில் செருகுகிற பின்னை ஒட்டி ஒயர் உடைந்திருந்தால் போனைப் பையில் திணிக்கிற ஆள். இடது பக்கம் மட்டும் செத்திருந்தால் ஜன்னலில் இடது காதைச் சாய்த்துத் தூங்குகிற ஆள். அப்படிப்பட்ட நான், ஒரு சனிக்கிழமை மாலை என் மனைவி மேசையில் போட்ட இயர்போனைப் பார்த்துத்தான் ஆடிப்போனேன்.

அவளுக்கு ஆஸ்பத்திரிகளில் ரத்தம் பார்க்கும் இயந்திரங்களைச் சரிபார்க்கிற வேலை. வாரத்தில் பாதி நாள் ஊர் ஊராக ரயிலில்தான் இருப்பாள்.

"இது போச்சு. திங்கக்கிழமை கிளம்பணும், புதுசு ஒண்ணு கொடுங்க" என்றாள். "ஒயர் இல்லாதது வேணவே வேணாம். சார்ஜ் போட மறந்துடுவேன், போன தடவை ஒண்ணு தண்டவாளத்துல விழுந்துடுச்சு. காதை நல்லா அடைக்கணும், ஆபீஸ் போன் வந்தா பேச மைக் இருக்கணும். விலை கம்மியா எடுங்க. எப்படியும் தொலைக்கப்போறேன்."

பேசிக்கொண்டே போனாள். நான் பழையதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இடது பக்கம் ஸ்மால் ரப்பர். அது சரி. கல்யாணமான புதிதில் நான் போட்டுக் கொடுத்த அளவு, அவளுக்குச் சின்னக் காது, பார்த்தாலே தெரியும். வலது பக்கம் லார்ஜ்.

இன்னொரு தடவை பார்த்தேன். லார்ஜேதான். அதுவும் நான் விற்கிற சரக்கு இல்லை. சாம்பல் நிறத்தில், கொஞ்சம் விலை கூடின கம்பெனியின் ரப்பர்.

இடது அவளுக்கு. வலது யாருக்கு? ஒரே ஒயரில் ஆளுக்கொரு காது என்று பாட்டுக் கேட்கிற ஜோடிகளுக்கு நான் எத்தனை இயர்போன் விற்றிருக்கிறேன்!

"ரயில்ல தனியாவா போற?" என்று சும்மா கேட்பதுபோலக் கேட்டேன்.

"சார் வருவாரே. அந்தப் பக்கத்து ஊருக்கெல்லாம் அவரும்தானே பொறுப்பு."

சார். மூன்று மாதமாக எங்கள் வீட்டில் உப்பைவிட அதிகம் புழங்குகிற சொல். சார் நிதானமானவர், சார் எதையும் கவனிச்சுப் பார்ப்பார், சார் ஒரு தடவை சொன்னா மறக்க மாட்டார். அவள் ஆபீஸில் அவளுக்கு மேலே இருக்கிற அந்த மனிதரை நான் பார்த்ததே இல்லை. பார்க்காமலே பிடிக்காமல் போயிருந்தது.

அவள் கேட்ட எல்லாம் பொருந்துகிற மாதிரி நாலைந்து இருந்தன. நான் தேடி எடுத்தது வேறொன்று. இயர்போன் ஒயர் ஓர் இடத்தில் இரண்டாகப் பிரியும் அல்லவா? சிலதில் அது நெஞ்சுக்குக் கீழே பிரியும், தாராளமாக இரண்டு பேர் கேட்கலாம். நான் எடுத்ததில் தாடைக்குக் கீழேயே பிரிந்தது. ஒரு தலைக்கு மேல் இன்னொரு தலைக்கு இடமே கிடையாது. போதாததற்கு, டப்பாவில் உபரியாக வரும் மீடியம், லார்ஜ் ரப்பர்களை எடுத்து மேசை டிராயருக்குள் போட்டுக்கொண்டேன். போட்டுக் கேளுடா பார்க்கலாம், பெரிய காது!

"சிக்கலே விழாது. பின் வளைஞ்சிருக்கு பாரு, பையில வச்சாலும் உடையாது" என்று கூசாமல் விற்றேன்.

"அந்த வலது பக்கத்துக்கு மட்டும்..." என்று அவள் ஆரம்பித்தாள்.

"ரெண்டு பக்கமும் ஸ்மால் போட்டாச்சு. கெளம்பு, கூட்டம் வருது."

கூட்டம் எதுவும் வரவில்லை. அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு போனாள். பழையதை நான் கொடுக்கவில்லை. சாட்சிப் பொருள்.

திங்கட்கிழமை காலை அவள் தண்ணீர் பாட்டிலை மறந்து வைத்துவிட்டுப் போனாள். மறக்கவில்லை, நான்தான் பையிலிருந்து எடுத்து வைத்தேன். அதைக் கொடுக்கிற சாக்கில் பிளாட்பாரத்துக்கு ஓடினேன்.

ஜன்னல் ஓரத்தில் அவள். பக்கத்தில் சார். ஆள் ஒல்லி, தலை பாதி நரைத்திருந்தது. நான் வேறெதையும் பார்க்க வரவில்லை, காதைத்தான் பார்த்தேன். அடேயப்பா! முறத்தை இரண்டாக வெட்டி ஒட்டிய மாதிரி காது. லார்ஜ்கூடப் பத்தாது.

கூப்பிட வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் தன் வலது காதிலிருந்து இயர்போனைக் கழற்றி அவர் பக்கம் நீட்டினாள். இடது பக்கம் அவள் காதிலேயே இருந்தது. ஒயர் எட்டவில்லை. அதனால் அந்த மனிதர் அவள் முகத்தருகே குனிந்தார், அவளும் அவர் பக்கம் சாய்ந்தாள். நான் பார்த்துப் பார்த்துப் பொறுக்கி எடுத்த குட்டை ஒயர்! என் கையாலேயே இரண்டு பேரையும் நெருக்கி உட்கார வைத்திருந்தேன். அவர் அதை வாங்கித் தன் பக்கம் கொண்டுபோவதற்குள் ரயில் நகர்ந்துவிட்டது. பாட்டிலோடு நின்றேன்.

அந்த வாரம் முழுக்க நான் நானாக இல்லை. போனில் அவள் "சாப்டீங்களா?" என்றால் "அதெல்லாம் உனக்கெதுக்கு?" என்றேன். கடைக்கு வந்த ஒரு புது ஜோடி நீளமாகப் பிரிகிற ஒயர் கேட்டபோது, "ஆளுக்கொண்ணா வாங்கிக்குங்க, காதுக்கு நல்லது" என்று எரிந்து விழுந்தேன். அவர்கள் எதிர்க் கடைக்குப் போனார்கள். அவளுக்கு என்மேல் சலிப்பு வந்துவிட்டதோ, கடை வாசலைத் தாண்டாத ஆளோடு என்ன பேசுவது என்று நினைக்கிறாளோ என்றெல்லாம் யோசித்தேன். சத்தியமாகப் பயந்துபோயிருந்தேன். அவள் போய்விட்டால் எனக்கு வேறு ஆள் கிடையாது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்தாள். கை கால் கழுவிவிட்டு உட்கார்ந்தவள் முன்னால் பழைய இயர்போனை வைத்தேன்.

"இது யாரு காது?"

"எது?"

"இந்த லார்ஜ். யாரு காதுக்குப் போட்டது? எனக்கே காது குத்தாத. ரயில்ல என் கண்ணாலயே பார்த்தேன். நீ கழட்டிக் கொடுக்கிற, அந்த ஆளு குனிஞ்சு வாங்குறாரு."

கொஞ்ச நேரம் அவளுக்குப் புரியவில்லை. புரிந்ததும் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. எழுந்து போய்ப் பையிலிருந்து புது இயர்போனை எடுத்து வந்தாள். அதன் வலது பக்கத்திலும் சாம்பல் நிற லார்ஜ் ரப்பர் இருந்தது. அதைக் கழற்றி, பைக்குள்ளிருந்து நான் போட்டுக் கொடுத்த ஸ்மாலை எடுத்து மாட்டினாள். இரண்டு காதிலும் வைத்துக்கொண்டு என் எதிரே வந்து நின்றாள்.

"எப்படி ஆட்டணும்? உங்க கடையில சொல்லுவீங்களே, அப்படித்தானே?"

தலையை ஆட்டினாள். இடது நின்றது. வலது பொத்தென்று தோளில் விழுந்து தொங்கியது. லார்ஜை மாட்டிக்கொண்டு மறுபடி ஆட்டினாள், கூந்தல் கலைகிற அளவுக்கு. விழவில்லை.

"என் காதுதான்" என்றாள். "எனக்கு ரெண்டும் ஒரே அளவு இல்ல. எத்தனை தடவை சொல்லியிருப்பேன், வலது விழுது, வலது விழுதுன்னு? ஒவ்வொரு தடவையும் 'உனக்குச் சின்னக் காது, ஸ்மால்தான்'னு சொல்லி அனுப்புனீங்க. ஊருல இருக்கிறவன் காதையெல்லாம் அளந்தீங்க. என்னை ஒரு நாளாவது நிக்கவச்சு ஆட்டச் சொன்னீங்களா?"

ஆனாலும் பாழாய்ப்போன வாய் சும்மா இருக்கவில்லை. "அப்ப அந்த ரப்பரு?"

"சார் கொடுத்தது. பழசுக்கும் அவர்தான் கொடுத்தாரு, இதுக்கும் அன்னைக்கு ரயில்ல அவர்தான் வாங்கி மாட்டிக் கொடுத்தாரு. அதைத்தான் நீங்க ஒளிஞ்சு நின்னு பார்த்திருக்கீங்க." உட்கார்ந்தாள். குரல் இறங்கிவிட்டது. "முதல் தடவை கூட வந்தப்பவே கேட்டாரு. 'ஏம்மா, அது விழுந்துட்டே இருக்கே, அந்தப் பக்கம் மட்டும் பெருசு போடக் கூடாதா?'ன்னு. அப்புறம், 'உங்க வீட்டுக்காரரு இயர்போன் கடைதானே வச்சிருக்காரு, அவர்கிட்ட சொல்லலையா?'ன்னாரு. சொல்லலைன்னு சொல்லிட்டேன். சொல்லியும் நீங்க கேக்கலைன்னு எப்படிங்க சொல்லுவேன்?"

நியாயமாகப் பார்த்தால் எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். சந்தேகம் போய்விட்டது. ஆனால் பொறாமை போகவில்லை, இப்போதுதான் நிஜமாகவே வந்தது. அந்த மனிதர் ஒரே பயணத்தில் பார்த்துவிட்டார். நான் ஒன்பது வருடமாக அவள் பக்கத்தில் படுத்து எழுந்திருக்கிறேன்.

மறுநாள் கடையில் நல்ல கூட்டம். மூன்றாவது ஆளாக வரிசையில் அவள் நின்றுகொண்டிருந்தாள். "உள்ள வா" என்றேன். வரவில்லை. முன்னால் நின்ற இரண்டு பேரும் தலையை ஆட்டி, பில் வாங்கிக்கொண்டு போகும்வரை காத்திருந்தாள். அவள் முறை வந்ததும் அந்தக் குட்டை ஒயரை மேசையில் வைத்தாள்.

"இது மாத்தணும். பேசுறப்ப கழுத்துல இழுக்குது."

டிராயரைத் திறந்தேன். நான் ஒளித்து வைத்த ரப்பர்கள் அங்கேயே கிடந்தன. நீளமாகப் பிரிகிற ஒயர் உள்ளதில் நல்லதாக ஒன்றை எடுத்து, இடதுக்கு ஸ்மாலும் வலதுக்கு லார்ஜும் மாட்டி, என் கையாலேயே அவள் காதில் வைத்தேன். வலது காது இடதைவிடக் கொஞ்சம் அகலமாகத்தான் இருந்தது. பின்னால் நின்றவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தலையை ஆட்டுங்க" என்றேன். எல்லாரிடமும் சொல்கிற மாதிரிதான் சொல்லப் பார்த்தேன்.

அவள் ஆட்டினாள். இரண்டும் நின்றன.

"சாருகிட்ட அந்தச் சாம்பல் ரப்பரைத் திருப்பிக் கொடுத்துடு" என்றேன் மெதுவாக.

"கொடுக்க மாட்டேன்" என்றாள். "அது பையிலயே இருக்கட்டும்."