மிஞ்சிய நாற்காலி

இரண்டாயிரத்து ஐந்நூற்று இருபத்தொரு நாற்காலிகளையும் ஒன்று விடாமல் சம வரிசைகளாகப் போட வேண்டும் என்பது மண்டப மேலாளரின் பிடிவாதம். நாற்காலிக்காரர் வரிசைக்குப் பத்து போட்டார், பிறகு பன்னிரண்டு, பிறகு பதினான்கு. ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு நாற்காலி மிஞ்சித் தொலைத்தது. இடுப்பு கழன்றுவிடும் போலிருந்தது. கணக்கு படிக்கும் மகளுக்குப் போன் போட்டார்.

“அது பகா எண்ணுப்பா. ஒண்ணையும் அதையும் விட்டா வேற எதாலயும் வகுபடாது. நீங்க தலைகீழா நின்னாலும் சம வரிசை வராது.”

“ஒரே வரிசையா போட்டா?”

“வரும். கடைசி நாற்காலி அடுத்த தெருவுல இருக்கும். பேசாம ஒண்ணை எடுத்துடுங்க. அப்புறம் ஒண்ணுலேருந்து பத்து வரைக்கும் எதால வேணும்னாலும் வகுபடும்.”

அவர் மிஞ்சியதை ஓரமாக இழுத்துப் போட்டு, அதிலேயே சாய்ந்து கண்ணை மூடினார்.

“யோவ், அந்த ஒண்ணையும் வரிசையில சேரு!” என்று மேலாளர் கத்தினார்.

“இதுல ஆள் வந்தாச்சு சார்.”