ஆறாயிரம் பைகள்

என் சாச்சியின் மகன், எனக்குத் தம்பி முறையான றிஸான், கத்தி தீட்டிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லி, என் தாள் வெட்டும் மெசினை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனான். மெசினும் வரவில்லை, அவனும் வரவில்லை. பத்தாம் நாள் ஏறாவூரில் அவன் வீட்டு வாசலில் ‘சூழலுக்கு உகந்த கடதாசிப் பைகள்’ என்று போர்டு தொங்கியது. அந்த வாசகமும் நான் எழுதி வைத்திருந்ததுதான்.

வாவிக்கரைச் சதுப்பில் வளரும் கண்ணா மரங்களில் பொலித்தீன் பைகள் சிக்கிக் கிடப்பதைப் பார்த்து, பள்ளிப் பிள்ளைகளின் பழைய கொப்பித் தாளில் பை செய்யலாம் என்று முதலில் யோசித்தவள் நான். அவனைக் கூட்டுச் சேர்த்தது என் மடத்தனம். “ராத்தா இப்ப செய்யிறல்ல, இனி எங்கிட்டத்தான்” என்று கடை கடையாகப் போய்ச் சொல்லி, என் வாடிக்கைக்காரர்களையெல்லாம் வளைத்துப் போட்டான். கடைசியாக மிஞ்சியிருந்தது கச்சி முகம்மது ஹாஜியாரின் பேக்கரி. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஆறாயிரம் பை கேட்டிருந்தார். அதையும் பறித்தான். என்னிடம் பை ஒட்டிய நஸீபாவையும் மற்ற மூன்று பெண்களையும் இனி வரவேண்டாம் என்று அனுப்ப வேண்டியதாயிற்று. இவனைச் சும்மா விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவெடுத்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை அந்தப் பேக்கரியில் பணிஸ் வாங்கினேன். அன்றாட வியாபாரத்துக்கும் றிஸானின் பைதான்; பெருநாள் பைகள் கட்டுக் கட்டாக வந்திறங்கிக்கொண்டிருந்தன. வீட்டுக்கு வந்து, அவன் எப்படி ஒட்டியிருக்கிறான் என்று பையின் அடிமடிப்பைப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே ஏதோ ஒரு பிள்ளையின் உருண்டைக் கையெழுத்தில் அறபு எழுத்துகள், அலிஃப், பே. அதற்குக் கீழே குர்ஆன் சூறாவின் ஒரு முழு வரி.

ஓதல் எழுதிய தாளில் எங்கள் ஊரில் யாரும் தின்பண்டம் சுற்றமாட்டார்கள். நிலத்திலும் போடமாட்டார்கள். பழசானால் வெள்ளைத் துணியில் கல் வைத்துக் கட்டி, தோணியில் கொண்டுபோய் வாவியின் ஆழத்தில் விடுவார்கள். அதனால்தான் என்னிடம் வரும் கொப்பிகளை அந்த நான்கு பெண்களும் தாள் தாளாகப் பார்த்துத் தெரிந்தெடுப்பார்கள். பிள்ளைகள் ஓதப் போகும் மத்ரஸாவின் கொப்பி கண்டால் தனிச் சாக்கு. றிஸான் அதை ஒரு வேலையாகவே நினைக்கவில்லை. பழைய பேப்பர் யாவாரி கொண்டுவந்ததை அப்படியே கத்திக்குக் கொடுத்திருக்கிறான்.

உடனே ஹாஜியாரிடம் ஓடியிருக்கலாம். ஓடினால் நூறு இருநூறு பையோடு விஷயம் முடிந்துவிடும், அவனும் நாலு வார்த்தை கெஞ்சித் தப்பிவிடுவான். எனக்கு அந்த ஆறாயிரமும் வந்து இறங்கியிருக்க வேண்டும். பையை மடித்து உயரமான தட்டில் வைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன். அந்த மூன்று நாளும் எனக்கு நல்ல பசி.

திங்கட்கிழமை பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பிறகு, அவன் கடைசிப் பைக் கட்டை இறக்கும் நேரம் பார்த்துப் பேக்கரிக்குள் போனேன்.

“ஹாஜியார், ஒரு கட்ட அவிழ்த்துப் பாக்கட்டா?”

“பாரு புள்ள. அதில என்ன பாக்கக் கிடக்கு?”

நான்காவது பையில் இருந்தது. ஹாஜியார் கண்ணாடியைப் போட்டு வாசித்தார். முகம் வெளுத்துவிட்டது. றிஸான் அப்போதாவது பேசாமல் நின்றிருக்கலாம்.

“உள்பக்கம்தானே ஹாஜியார், ஆரு பிரிச்சுப் பாக்கப் போறா?” என்றான்.

என் காது குளிர்ந்தது.

“உன்ட வாப்பாட முகத்துக்காகப் பொறுக்கன்,” என்றார் ஹாஜியார். “இது பள்ளிவாசலுக்குத் தெரிஞ்சா நானும் கடையப் பூட்டோணும்.” பிறகு என் பக்கம் திரும்பினார். “என்ன செய்யலாம் புள்ள?”

மூன்று நாளாகப் பாடமாக்கி வைத்திருந்ததைச் சொன்னேன்.

“எரிக்கவும் ஏலா, குப்பைல போடவும் ஏலா. ஆறாயிரத்தையும் பிரிச்சுத் தெரியோணும். இவன்ட கையால, என்ட வீட்டில. வரக்கொள்ள என்ட மெசினயும் கொண்டு வரட்டும். பெருநாளைக்கு நான் பை தாறன்.”

ஹாஜியார் தலையாட்டினார்.

மறுநாள் காலை மெசினோடு வந்தவனை, என் வீட்டு வளவில் பாயைப் போட்டு, திரும்பக் கூப்பிட்டிருந்த பெண்களுக்கு நடுவே உட்கார வைத்தேன். ஈரத்துணியால் பசையை ஊறவைத்து ஒவ்வொரு பையாகப் பிரிக்க வேண்டும். “கிழியாமப் பிரிங்க தம்பி, ஓதல் கிழிஞ்சா குத்தம்,” என்று நஸீபா தேன் ஒழுகச் சொன்னாள். மத்தியானத்துக்குள் அவன் விரல் நுனியெல்லாம் வெளிறி ஊறிப்போயிருந்தது. பார்க்கப் பார்க்க எனக்குத் தெவிட்டவில்லை.

“ராத்தா, மாப்புச் செய்ங்க,” என்று மன்னிப்புக் கேட்டான்.

ஈரத்துணியை அவன் பக்கம் தள்ளினேன். இன்னும் நாலைந்து பையைப் பிரித்தான். பிறகு தலையை நிமிர்த்தினான்.

“நீங்க இத எப்பக் கண்ட?”

“வெள்ளிக்கிழம.”

“அப்ப சனி, ஞாயிறு வித்த பையெல்லாம்? சனம் தெருவில போட்டிருக்குமே ராத்தா. மிதிச்சிருக்குமே.”

பெண்களின் கைகள் நின்றன. நஸீபா என்னைப் பார்த்தாள், பிறகு பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள். ஆனாலும் அவன்மேல் ஒரு துளி இரக்கம் வரவில்லை.

“ஓம், மிதிச்சிருக்கும்,” என்றேன். “அதுக்கு நான் அல்லாஹ்கிட்டப் பதில் சொல்லுறன். நீ அடுத்த சாக்க அவிழு.”