நூற்றுப் பன்னிரண்டு படிவங்கள்

ஸுஹைறா டீச்சருக்கு அன்று காலையிலிருந்தே ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. கரும்பலகையில் ‘வாரிசு இழப்புக் கொள்கை’ என்று எழுதினாள், அழித்தாள், மறுபடியும் அதையே எழுதினாள். சோக்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டே மேசையெல்லாம் சோக்கட்டியைத் தேடினாள். பதினாறு வருடமாகச் சரித்திரம் படிப்பிக்கிற மனுஷி இப்படித் தடுமாறினால் பத்தாம் ஆண்டுப் பிள்ளைகள் சிரிக்காமல் என்ன செய்யும்?

“டல்ஹௌசி எண்ட தேசாதிபதிட காலம்,” என்று தொடங்கினாள். “இந்தியாவில ஒரு ராசாக்குப் பெத்த ஆம்புளப் புள்ள இல்லாட்டி, தத்தெடுத்த புள்ளையக் கும்பனி ஏற்காது. நாடு கும்பனிக்குப் போயிரும். ஜான்சி அப்பிடித்தான் போன.”

மூன்றாம் வாங்கிலிருந்து நதீரா எழுந்தாள். டீச்சரின் பக்கத்து வீட்டு நஸீறாவின் மகள்.

“ராணி உசிரோடதானே இருந்த டீச்சர்? அவ இருக்கக்க அவட நாட்ட எப்பிடி எடுக்கிற?”

“கும்பனிட கடதாசில அவட பேருக்கு மதிப்பு இல்ல மகள்.”

“அந்தக் கடதாசிய ஆரு எழுதின? வெள்ளைக்காரனுக்கு அந்த ஊர்ப் பாஷை செரியாத் தெரியாதே. அந்த ஊராக்கள்தானே இரிந்து எழுதிக் குடுத்திருப்பாங்க?”

பிள்ளை குத்திக் காட்டினாளா, சும்மாதான் கேட்டாளா என்று டீச்சருக்கு விளங்கவில்லை. மணி அடித்ததும் பிள்ளைகளுக்கு முன்னால் அவள்தான் வகுப்பை விட்டு வெளியேறினாள்.

கல்முனைக் கரையில் ஓர் ஆம்பிளையின் கணக்கு இதுதான்: பிறப்பது உம்மாவின் வீட்டில், உழைத்துக் கட்டுவது தங்கச்சிக்கு ஒரு வீடு, வாழ்வது மனைவியின் வீட்டில். வீடு என்றால் அது பெண்ணுக்கு. தாய் மகளுக்குக் கொடுப்பாள், மகள் தன் மகளுக்குக் கொடுப்பாள். மாப்பிள்ளை ஒரு சூட்கேஸோடு வந்து சேருவார். இதை யாரும் எந்தப் புத்தகத்திலும் எழுதி வைக்கவில்லை. தெரியாதவர் ஊரில் இல்லாதபோது எழுதி வைப்பானேன்?

கடல் வந்தது. ஸுஹைறாவின் உம்மாவையும், உம்மா சீதனமாகத் தந்த வீட்டையும் சேர்த்துக் கொண்டு போனது. இரண்டாயிரத்தைந்து தை மாதம், ஒரு பாடசாலைக் கட்டடத்தில் சனம் பாயோடு பாயாகக் கிடந்த நேரம், வீட்டுத் திட்டப் படிவங்கள் வந்தன. எழுதத் தெரிந்தவர் யார் என்று கேட்டார்கள். ஸுஹைறா டீச்சர் தானாகவே கையைத் தூக்கினாள். உம்மாவை நினைத்து அழாமல் இருக்க ஏதாவது ஒரு வேலை வேண்டியிருந்தது. மூன்று நாள் இருந்து நூற்றுப் பன்னிரண்டு படிவம் நிரப்பினாள்.

முதலாவது கேள்வி, குடும்பத் தலைவர் யார்? ஆறாம் ஆண்டுக்குச் சமூகக்கல்வி படிப்பித்த நாக்குக்கு அதற்கு ஒரே பதில்தான் தெரியும். தந்தை. எத்தனை பரீட்சைத் தாளில் அதற்குச் சரி போட்டிருப்பாள்! யோசிக்காமல் ஒவ்வொரு படிவத்திலும் ஆம்பிளைகளின் பெயரை எழுதினாள். நஸீறா மட்டும் அப்போதே கேட்டாள்.

“ஊடு எனக்கு உம்மா தந்தது ராத்தா. அவர்ர பேர எதுக்கு எழுதுற?”

“இது ஊட்டுக்கு இல்ல நஸீறா, குடும்பத்துக்கு. வெறும் பதிவு,” என்றாள் ஸுஹைறா, தலையைக்கூட நிமிர்த்தாமல்.

வெறும் பதிவு! அந்தப் பதிவின்படிதான் அவரவர் வளவில் வீடு கட்டக் காசு வந்தது. இப்போது, நாலரை வருடம் கழித்து, சண்டை முடிந்த சூட்டோடு சூடாக வீட்டின் உறுதிப் பத்திரமும் வரப்போகிறது. வியாழக்கிழமை மேடை போட்டுக் கொடுக்கப் போகிறார்களாம். உறுதியில் வரப்போவது ஆம்பிளைகளின் பெயர். நஸீறாவின் மனுசன் அப்துல் ஹமீட் மூன்று வருடமாக அக்கரைப்பற்றில் இரண்டாவது மனைவி வீட்டில் இருக்கிறார். உறுதி கைக்கு வந்ததும் வீட்டை விற்று லொறி எடுக்கப் போவதாகத் தேத்தண்ணிக் கடையில் சொல்லித் திரிகிறார். நஸீறாவும் நதீராவும் எங்கே போவது என்று அவரிடம் கேட்பார் இல்லை.

பாடசாலை விட்டதும் ஸுஹைறா நேரே பிரதேச செயலகக் கந்தோருக்குப் போனாள். அங்கே வீட்டுத் திட்டத்துக்குப் பொறுப்பாக இருந்தவள் கிருசாந்தி என்ற வீரமுனைத் தமிழ்ப் பெண். பொறுமையாகக் கேட்டாள்.

“எங்கட பக்கமும் வீடு பொம்புளைக்குத்தான் டீச்சர். கொழும்பில அச்சடிச்ச படிவத்துக்கு அது எங்க தெரியப்போகுது? ஆனா நிரப்பின ஆளுக்குத் தெரிஞ்சிருக்கும்தானே? பாருங்க, எல்லாம் ஒரே கை. என்ன வடிவான எழுத்து.”

கோப்பைத் திருப்பிக் காட்டினாள். உருண்டை உருண்டையாக, பரீட்சைத் தாளில் எழுதுவது போல, பிழையே இல்லாத எழுத்து.

“நான்தான் எழுதின மிஸ்,” என்றாள் ஸுஹைறா.

கிருசாந்தி கோப்பை மூடினாள். பிறகு அலுமாரியிலிருந்து ஒரு கட்டு வெற்றுத் தாள்களை எடுத்து வைத்தாள். “சம்மதக் கடிதம். மனுசன் ஒப்பம் வெச்சா மனுசிட பேருக்கு மாத்தலாம். நாளைக்குப் புதன், நாலு மணிக்குள்ள கொண்டு வரவேணும். உறுதி குடுத்த பிறகு எங்கட கையில ஒண்டும் இல்ல.”

ஸுஹைறா முதலில் தன் வீட்டுக்குத்தான் போனாள். அவள் மனுசன் பஸால் மேசன் வேலை செய்பவர். குரல் உயர்த்தாத மனிதர். பகல் சாப்பாட்டுக்கு வந்திருந்தார். அவர் ஒப்பத்தை மேலே வைத்துக் காட்டினால் மற்றவர்களும் வைப்பார்கள் என்பது அவள் நினைப்பு. சோற்றை வைத்துவிட்டுத் தாளையும் பக்கத்தில் வைத்தாள். பஸால் வாசித்தார். சோற்றைப் பிசைந்தார். மறுபடியும் வாசித்தார்.

“பொறகு பாப்பம்,” என்றார்.

“நாளைக்கு நாலு மணிக்குள்ள குடுக்கணும்.”

“இப்ப என்ன அவசரம்? நான் ஹமீட் மாதிரி ஊட்ட விக்கவா போறன்?”

“இல்ல. அதான் முதல்ல உங்களட்ட வந்த.”

பஸால் கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். “ரெண்டு தங்கச்சிக்கு ரெண்டு ஊடு கட்டின. ஊரில பாதி ஊடு நான் கட்டின. ஒண்டுலயும் எனக்கு ஒரு செங்கல்லு இல்ல. உன்ட உம்மாட ஊட்டுக்கு ஒரு சூட்கேஸோட வந்த. கடல் கொண்டு போன பொறகு இத ஒத்தக் கையால கட்டினதும் நான்தான். ஒரு கடதாசில என்ட பேர் இரிந்தா உனக்கு என்ன குறைஞ்சிரும் ஸுஹைறா?”

இருபது வருடத்தில் அவர் இவ்வளவு நீளமாகக் கதைத்ததை அவள் கேட்டதில்லை. இந்த மனிதருக்குள் இப்படி ஒரு ஆசை கிடந்ததா! கோபப்படப் பார்த்தாள், வரவில்லை. அவர் கேட்டதில் நியாயம் இருந்தது, அதுதான் தொல்லை. தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே இறங்கினாள்.

அன்று பின்னேரமும், லீவு போட்டுவிட்டு மறுநாள் காலையும் வீடு வீடாக ஏறி இறங்கினாள். சிலர் சிரித்துக்கொண்டே ஒப்பம் வைத்தார்கள். சிலர் வீட்டில் இல்லை, கட்டாருக்கு வேலைக்குப் போயிருந்தார்கள். சிலர் வீட்டுக்குள் இருந்துகொண்டே இல்லை என்று சொல்லச் சொன்னார்கள். பாலமுனையிலிருந்து இங்கே மாப்பிள்ளையாக வந்த ஒருவர் மட்டும், “இதுக்கு ஒரு கடதாசி வேணுமா? ஊடு அவடதானே,” என்று ஆச்சரியப்பட்டார். அவருக்காக அந்த இடத்திலேயே துஆக் கேட்கலாம் போல இருந்தது. புதன் பகல் ஒரு மணிக்குப் பையில் பதினைந்து தாள் சேர்ந்திருந்தது. செருப்பு வார் அறுந்து, ஊசி குத்திப் போட்டிருந்தாள்.

நஸீறாவைக் கூட்டிக்கொண்டு சந்தித் தேத்தண்ணிக் கடைக்குப் போனாள். உறுதி வாங்குவதற்காக அப்துல் ஹமீட் முதல் நாளே ஊருக்கு வந்து, கடைக்குள் பத்துப் பேருக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். பெண்கள் இருவரும் வாசலில் நின்றார்கள்.

“ஹமீட் காக்கா, அது நஸீறாட உம்மா குடுத்த வளவு. உங்களுக்கே தெரியும். நான் பிழையா எழுதிட்டன். ஒரு ஒப்பம் வெச்சிக் குடுங்க.”

“பிழையா?” ஹமீட் கோப்பையை வைத்தார். “டீச்சர்மார் பிழை எழுதுவாங்களா? உங்கட கையெழுத்துத்தானே, நல்ல வடிவா என்ட பேர எழுதியிருக்கீங்க.” கடை சிரித்தது. “செரி, அத விடுங்க. பஸால் மேசன் ஒப்பம் வெச்சிட்டாரா?”

பொய் சொல்ல ஒரு நொடி போதும். ஸுஹைறாவின் நாக்கு அந்த நொடியில் இரண்டு பக்கமும் புரண்டது.

“இல்ல,” என்றாள்.

“அப்ப என்னத்துக்கு என்னட்ட வாறீங்க? பஸால் வெச்சா நானும் வெப்பன். இந்தப் பத்துப் பேரும் சாட்சி. வெக்கமாட்டார் டீச்சர். ஆம்புளைக்குத்தான் ஆம்புளைட மனசு தெரியும்.”

நஸீறா அழவில்லை. அவள் அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை. “வாங்க ராத்தா போவம், நீங்க என்ன செய்வீங்க,” என்றாள். ஸுஹைறா அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, வெயிலோடு வெயிலாகத் தனியே நடந்தாள்.

பஸால் இரண்டு தெரு தள்ளி ஒரு கல்யாண வீட்டுக்கு அறை கட்டிக்கொண்டிருந்தார். சாரத்தின் மேலே நின்று கல் வைத்துக்கொண்டிருந்தவர் அவளைக் கண்டும் இறங்கவில்லை. அவள் அண்ணாந்து பார்த்துக் கதைத்தாள். ஹமீட் சொன்னதை ஒரு சொல் விடாமல் சொன்னாள்.

“நான் உங்களக் கெஞ்ச வரல்ல. நீங்க நேத்துக் கேட்டது நாயமான கேள்வி. எனக்கு அதுக்குப் பதில் இல்ல. ஆனா நஸீறாட ஊட்ட நான்தான் எழுதிக் குடுத்திட்டன். இப்ப அது உங்கட ஒரு ஒப்பத்தில நிக்கிது. வெக்காட்டியும் உங்களோட எனக்குக் கோவம் இல்ல.”

கோபமில்லை என்றது பாதிதான் உண்மை. அது இரண்டு பேருக்கும் தெரியும்.

பஸால் கரண்டியால் சாந்தை வழித்து, கல்லை வைத்துத் தட்டி, நூல் பிடித்துப் பார்த்தார். ஒரு கல். இன்னொரு கல். மணி இரண்டரையைத் தாண்டியது.

“நஸீறாட ஊட்ட ஆரு கட்டின எண்டு தெரியுமா?” என்று கேட்டார், கல்லைப் பார்த்துக்கொண்டே.

“நீங்கதான்.”

“அந்தப் புள்ள நதீரா அப்ப சின்னப் புள்ள. நான் பூசக்க ஈரச் சுவத்துல கைய வெச்சி அடையாளம் எடுத்துட்டு ஓடும். மூணு தரம் அழிச்சிப் பூசின.” கரண்டியை வைத்தார். “நாலாந் தரம் அழிக்கல்ல.”

இறங்கினார். வாளித் தண்ணீரில் கையைக் கழுவிச் சாரனில் துடைத்தார். அவளுக்கு முன்னால் நடந்தார்.

தேத்தண்ணிக் கடையில் அவர் உட்காரவில்லை. கோப்பை வைத்த வட்டம் வட்டமான ஈரத்தைத் தோளில் கிடந்த துவாயால் துடைத்தார். ஸுஹைறா எடுத்துக் கொடுத்த இரண்டு தாளையும் வைத்தார். தன்னுடையதில் ஒப்பம் வைத்தார். பிறகு பேனையை அப்துல் ஹமீட்டின் பக்கம் உருட்டிவிட்டார்.

“பத்துப் பேரும் இரிக்காங்க,” என்றார்.

ஹமீட் சிரித்துப் பார்த்தார். கூடச் சிரிக்க ஆள் இல்லை. பத்துப் பேரும், தங்கள் மனைவிமாரின் வீட்டில் படுத்து எழும்பி வந்த பத்துப் பேரும், மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் ஹமீட் பேனையை எடுத்தார். தாள் கிழியும்படி அழுத்தி ஒப்பம் வைத்துவிட்டு, தேத்தண்ணியைக் குடிக்காமலே எழுந்து போனார்.

நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கிருசாந்தி தாள்களை எண்ணினாள். பதினேழு.

“மிச்சம் தொண்ணூற்றைந்து,” என்றாள் ஸுஹைறா.

“அதுகள் நாளைக்கு மேடையில ஆம்பிளைகளுக்குப் போகும் டீச்சர்.”

அந்தத் தொண்ணூற்றைந்து பெண்களின் முகமும் ஒவ்வொன்றாக வந்தது. எல்லோரையும் தெரியும். கடைக்குப் போனால் சந்திப்பாள், கல்யாண வீட்டில் சந்திப்பாள். இனி வாழ்நாள் முழுக்கச் சந்திப்பாள். நஸீறாவிடம் ஓடிப் போய்ச் சொன்னபோது, அவள் கட்டிப்பிடித்துக்கொண்டு நேற்றையிலிருந்து அடக்கி வைத்திருந்ததையெல்லாம் அழுது தீர்த்தாள். நதீரா கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். அவளுக்குப் பக்கத்துச் சுவரில், இடுப்பு உயரத்தில், ஒரு சின்னக் கை பதிந்திருந்தது. இத்தனை நாள் எத்தனை தரம் வந்துபோன வீடு, ஸுஹைறா அதை அன்றுதான் கண்டாள்.

பொழுது சாயும் நேரம் பஸால் வேலை விட்டு வந்தார். ஸுஹைறா தேத்தண்ணி ஊற்றி வைத்துக்கொண்டு வாசலையே பார்த்திருந்தாள். என்ன சொல்வது என்று நாலைந்து விதமாக யோசித்து வைத்திருந்தாள்.

வளவு வாசல் கடப்படியில் பஸால் நின்றார். செருப்பைக் கழற்றினார். சீமெந்துச் சட்டியை மதிலோரம் வைத்தார். ஆனால் உள்ளே வரவில்லை. இருபது வருடமாக நேரே கிணற்றடிக்குப் போகிற மனிதர், அந்நிய வீட்டுக்கு வந்தவர் போலக் குரல் கொடுத்தார்.

“அஸ்ஸலாமு அலைக்கும்.”

பகிடிதானே என்று அவர் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு இல்லை. கோபமும் இல்லை. பதில் வரட்டும் என்று நின்றுகொண்டிருந்தார்.

“வஅலைக்குமுஸ்ஸலாம்,” என்றாள் ஸுஹைறா. யோசித்து வைத்ததெல்லாம் மறந்துபோனது. “உள்ள வாங்க.”

அவள் சொன்ன பிறகுதான் அவர் உள்ளே வந்தார்.