சீட்டுக்கு எடுத்த அளவு

அந்த மினி லாரியின் எஞ்சினைக் குறை சொன்னால் வாய் அழுகிப்போகும். இருபது வருடத்தில் ஒரு நாள்கூட நடுவழியில் நின்றதில்லை. பிரச்சினையெல்லாம் ஆள் உட்காரும் இடத்தில்தான். டிரைவர் சீட்டின் ஸ்பாஞ்ச் மாவாக உதிர்ந்து, உள்ளிருந்து ஒரு ஸ்பிரிங் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அதன்மேல் நாலாக மடித்த சாக்கு. கூரைத் துணி பசை விட்டுத் தொங்கி, ஓட்டுகிறவர் தலையில் தலைப்பாகையாக உட்காரும். கதவின் உள்பக்கம் அட்டையே கிடையாது. ஜன்னல் கண்ணாடியை ஏற்றி இறக்க ஒரு கட்டிங் பிளேயர். பின்னால் ஏற்றிய சரக்குக்கு இருந்த சொகுசு டிரைவருக்கு இல்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், டிரைவரின் மனைவி தையல்காரி. தெருவே அவளை டெய்லரம்மா என்றுதான் கூப்பிடும். பதினெட்டு வருடமாகப் பள்ளிச் சீருடை தைக்கிறாள். ஊர்ப் பிள்ளைகளின் தோளும் இடுப்பும் அவளுக்கு மனப்பாடம். புருஷன் உட்காரும் இடம் கிழிந்து கிடந்தது மட்டும் கண்ணில் படவில்லை. ஊருக்கெல்லாம் பல்லி சொல்லுமாம், தான் போய்க் கழுநீர்ப் பானையில் விழுமாம்.

கண்ணில் பட்டது ஒரு வியாழக்கிழமை சாயங்காலம். டிரைவர் வழக்கம்போல ஒரு கையால் கதவையும் மறு கையால் இடுப்பையும் பிடித்துக்கொண்டு இறங்கினார். உள்ளே வந்து, தையல் மிஷின் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, மெதுவாக ஆரம்பித்தார்.

"ஒரு லாரி கம்பெனியில கூப்பிடுறாங்க. வெளியூர் ஓட்டம். புது வண்டி, மெத்தை மாதிரி சீட்டு. செவ்வாய்க்கிழமை சொல்லணும்."

"வீட்டுக்கு எப்ப வருவீங்க?"

"மாசத்துல நாலு நாள். நம்ம வண்டிய வித்துடலாம்னு பாக்குறேன். என்னால முடியல. காலையில ஏறினா சாயங்காலம் இடுப்பு என்னோடதா இன்னொருத்தனோடதான்னே தெரியல."

டெய்லரம்மாவின் கால் மிதியைவிட்டு விலகியது. மாதத்தில் நாலு நாள்! மீதி இருபத்தாறு நாளும் அவள் யாரோடு சண்டை போடுவது? இந்த மனுஷன் சாயங்காலம் வந்து, 'இன்னைக்கு ஒரு கூத்து நடந்தது' என்று ஆரம்பித்தால்தான் அவளுக்கு அன்றைய நாள் முடிந்த மாதிரி இருக்கும். அதை அவரிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. அதனால் கோபப்பட்டாள்.

"வண்டிய விக்கணும்னா என்னையும் சேர்த்து வித்துடுங்க! சீட்டுதானே பிரச்சினை? சீட்ட மாத்துங்க."

"அந்தக் கடைக்காரன் கேக்குற காசுக்கு இன்னொரு பழைய வண்டியே வாங்கலாம்."

"கடைக்காரன் எதுக்கு? ஞாயித்துக்கிழமைக்குள்ள நான் பண்ணிக் குடுக்கிறேன். திங்கக்கிழமை முழுசா ஒரு நாள் ஓட்டிப் பாருங்க. சாயங்காலம் இடுப்பு வலிச்சா, நீங்க சொல்றதுதான் சட்டம்."

"பேச்சு மாறக் கூடாது."

"நான் எப்ப மாறியிருக்கேன்?"

எத்தனையோ தடவை மாறியிருக்கிறாள். டிரைவர் அதைச் சொல்லவில்லை. முப்பது வருடம் ஸ்டியரிங் பிடித்தவருக்கு எங்கே பிரேக் போடவேண்டும் என்று தெரியாதா?

டெய்லரம்மா உடனே நாத்தனாருக்குப் போன் போட்டாள். டிரைவரின் தங்கை ஒரு மெத்தைக் கடையில் வேலை பார்க்கிறாள். வெட்டி ஒதுக்கும் ஸ்பாஞ்ச் துண்டுகளை முதலாளியிடம் கேட்டு, சனிக்கிழமை காலையில் இரண்டு மூட்டையோடு வந்து இறங்கினாள். வண்டியைப் பார்த்ததும் முதல் வேலையாக அண்ணனைக் கேலி செய்தாள்.

"ஏண்ணே, இதுல உட்காந்தா ஓட்டினே? கோழிகூட முட்டை போடாது."

டிரைவர் மண்ணெண்ணெய் ஊற்றித் துருப்பிடித்த நாலு போல்ட்டையும் கழற்றி, சீட்டை வெளியே இழுத்துப் போட்டார். அடியில் பேனா மூடி, சில்லறை, ஒற்றைச் செருப்பு, யாருக்கோ போய்ச் சேராத ஒரு கல்யாணப் பத்திரிகை எல்லாம் கிடந்தன. நாத்தனார் சோப்புத் தண்ணீரும் பழைய பல் பிரஷுமாக உள்ளே ஏறி டேஷ்போர்டைத் தேய்த்தாள். கறுப்பு என்று அத்தனை வருடம் நினைத்திருந்தது சாம்பல் நிறமாக வெளிப்பட்டது. தொங்கிய கூரைத் துணியைக் கிழித்து, பசையைச் சுரண்டி எடுத்தார்கள்.

துணிக்குக் காசு செலவே இல்லை. போன வருடம் ஒரு பள்ளிக்கூடம் சீருடை நிறத்தை மாற்றியதில், கருநீலப் பேன்ட் துணி ஒரு சுருள், கட்டம் போட்ட சட்டைத் துணி அரைச் சுருள், இரண்டும் பீரோ மேலே தூங்கிக்கொண்டிருந்தன. பேன்ட் துணி சீட்டுக்கு, சட்டைத் துணி கூரைக்கு. கதவுக்கு அட்டை வெட்டி, அதற்கும் கட்டம் போட்ட துணியை ஒட்டினாள். கை ஓய்வில்லாமல் வேலை செய்தது, வாய் அதற்கு மேல் வேலை செய்தது. வீட்டு வாசலில் இரண்டு நாளும் ஒரே சிரிப்பு. பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "என்ன டிரைவரே, வண்டிய எந்த வகுப்புல சேர்த்திருக்கீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஞாயிறு மத்தியானம் ஸ்பிரிங்கை உள்ளே தள்ளி, ஸ்பாஞ்ச் அடுக்கி, மேலே உறையை மாட்டி, சீட்டை வண்டியில் முடுக்கினார்கள். டிரைவர் ஏறி உட்கார்ந்து, தெருமுனைவரை ஓட்டித் திரும்பி வந்து, வாசலில் சடாரென்று ஒரு பிரேக் அடித்தார். உறை அவரையும் கூட்டிக்கொண்டு வழுக்கிக் கீழே வந்தது. முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது.

நாத்தனார் ஓடிப்போய்ப் பார்த்தாள். உறை எல்லாப் பக்கமும் இரண்டு இஞ்ச் பெரிசு. அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"அண்ணி, சீட்டு அடுத்த வருஷம் வளரும்னு லூசா தச்சீங்களா?"

அதேதான் நடந்திருந்தது. 'வளர்ற பிள்ளைங்க, கொஞ்சம் தாராளமா தைங்க' என்று பதினெட்டு வருடமாகக் கேட்டுக் கேட்டு, கத்தரி பிடித்த கை தானாகவே இரண்டு இஞ்ச் விட்டு வெட்டிவிட்டது. போதாக்குறைக்கு எல்லா இடத்திலும் இரட்டைத் தையல். பிரித்துத் தைக்கப் புதிதாகத் தைப்பதைவிட நேரமாகும். டெய்லரம்மா வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"பரவால்ல, விடு. நல்லாத்தான் இருக்கு" என்றார் டிரைவர். அவர் அப்படி இதமாகச் சொன்னதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. இந்தப் பேச்சு ஊருக்குக் கிளம்புகிற ஆளின் பேச்சு.

மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். தைத்தது சரியில்லை என்று வருகிறவர்களை அவள் அழுதுகொண்டா அனுப்புகிறாள்? ட்ரயல் பார்த்துச் சரிசெய்துதானே அனுப்புகிறாள்!

"ஏறி உட்காருங்க" என்றாள். "ஓட்டுற மாதிரி உட்காருங்க. போட்டோவுக்கு உட்கார்ற மாதிரி இல்ல."

அவர் உட்கார்ந்தார். அவள் கதவோரம் நின்று, முதுகுக்கும் சீட்டுக்கும் நடுவே கையை விட்டுப் பார்த்தாள். இடுப்புப் பக்கம் ஒரு கை நுழையும் அளவுக்குப் பள்ளம்.

"இங்க தாங்கலயா?"

"தாங்கல."

"கிளட்ச் மிதிங்க. தொடைக்கு அடியில?"

"இடது பக்கம் அந்தரத்துல நிக்குது."

"இத்தனை வருஷமா இத ஏன் சொல்லல?"

"நீ கேக்கலயே!"

சுருக்கென்றது. உறையின் பின்பக்கம் மட்டும் ஒரு தையலைப் பிரித்தாள். மூட்டையில் மிச்சமிருந்த ஸ்பாஞ்சை நாத்தனார் சீவிச் சீவிக் கொடுக்க, அவள் அந்த இரண்டு இஞ்ச் தொளதொளப்புக்குள் கையை விட்டுத் திணித்தாள். இடுப்புக்கு ஒரு திண்டு. இடது தொடைக்கு ஒரு சரிவு. அவரை இறக்கினாள், ஏற்றினாள், மறுபடி இறக்கினாள். ஏழாவது தடவை ஏறியபோது உறையில் ஒரு சுருக்கம்கூட இல்லை. பிரித்த இடத்தைக் கை ஊசியால் தைத்து முடிச்சுப் போட்டாள்.

திங்கட்கிழமை அவளுக்கு ஊசியில் நூல் ஏறவில்லை. ஒரு சட்டைக்கு இரண்டு இடது கை வைத்துத் தைத்துவிட்டாள். சாயங்காலம் வாசலில் வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. எஞ்சின் அணைந்தது. கதவு திறக்கும் சத்தத்துக்குக் காத்திருந்தாள். வரவில்லை.

வெளியே ஓடினாள். டிரைவர் ஸ்டியரிங்குக்குப் பின்னால் அசையாமல் உட்கார்ந்திருந்தார். இடுப்பு பிடித்துக்கொண்டு இறங்க முடியவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக் கதவருகே போனாள்.

"என்னங்க, வலிக்குதா? கையப் பிடிக்கட்டுமா?"

"இல்ல. இறங்க மனசு வரல. இன்னும் கொஞ்ச நேரம் உட்காந்துக்கிறேனே!"

அவள் அவர் முகத்தையே பார்த்தாள்.

"அந்தக் கம்பெனிக்கு நாளைக்குச் சொல்லணுமே?"

"மத்தியானமே சொல்லிட்டேன்."

"என்னன்னு?"

"வீட்டுல எனக்குன்னு அளவெடுத்துத் தச்சுட்டாங்க, வேற வண்டி எனக்கு லூசா இருக்கும்னு சொன்னேன். போன்ல அந்தாளுக்கு ஒண்ணும் புரியல."

டெய்லரம்மாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றையொன்று முந்திக்கொண்டு வந்தன. முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி, அந்தப் பக்கம் சுற்றிப் போய்க் கதவைத் திறந்து அவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள்.

"சரி, சொல்லுங்க. இன்னைக்கு என்ன கூத்து நடந்தது?"